பதினேழு வெள்ளைப் படங்கள்

எங்கள் பழைய ஐ.டி. பிரிவில் வேலை பார்த்தவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அதில் ஒரு கேள்வி போட்டாள். மொபைல் ஆப் எழுதும்போது ஒரு இமேஜ் ஆப்ஜெக்ட், அதாவது படம் வைக்கும் இடம், காலியா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் பதில் போட்டார்கள். ஆறும் ஒரே பதில். அது 'நல்' (null) தானா என்று பார், ஒரு வரி போதும், இதற்கெல்லாமா கேள்வி?

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதை நம்பி ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்தால் ஒரு பெண் ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்றார். இதைக் குழுவில் எழுதினேன். முழுசா எழுதுங்க மேடம் என்றார்கள். எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. அப்பா குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் துணி விற்றவர். கணக்குப் பாடத்தில் பட்டம், கூடவே டைப்ரைட்டிங், ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் பிரிவுக்கு ஈ.டி.பி. என்று பெயர். சம்பளப் பட்டியல், ஸ்டோர்ஸ் இருப்பு என்று சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதக் கற்றேன். பெயர் ஐ.டி. என்று மாறியபோது எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருந்தது.

எங்கள் மேலாளர் ரங்கநாதன் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேலை நடக்கும்போது நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சிம்பிளா வைங்க" என்பார். எதையும் தன் கையால் எழுத மாட்டார். மெயில்கூட அனுப்ப மாட்டார். எல்லாம் வாய்மொழிதான். எழுத்தில் வேண்டுமென்றால், "நீங்களே எழுதிக் குடுங்க" என்பார். அவருக்கு நான் ஒரு நன்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வயதுப் பொம்பளைக்கு ஜாவா கோர்ஸ் எதற்கு என்று மற்றவர்கள் கேட்டபோது, என்னைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான். அதனால்தான் அவர் சொன்னதை நான் மறுக்காமல் செய்து பழகினேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், கேமரா வைத்த பட்டன் போன்கள் மலிவான பிறகு, பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆப் வேண்டும் என்றார்கள். பெட்டி வெளியே போகும் முன் கடைசியாகச் சோதிக்கும் இடம் அது. ஒரு பெட்டிக்கு நாற்பது பிராக்கெட், பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கும் வார்ப்புத் துண்டுகள். இன்ஸ்பெக்டர் அவற்றை மேசை மேல் இருக்கும் ரப்பர் விரிப்பில் வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை அடுக்குவார். ஒவ்வொன்றையும் விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்ப்பார். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். துளையின் அளவு பார்க்கும் கேஜைச் செருகி எடுப்பார். பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து, மூலையில் பெட்டி எண் எழுதிய சீட்டை வைத்து, போனால் ஒரு படம் எடுப்பார். ஆப்பில் பெட்டி எண்ணை அடித்து 'சேவ்' அழுத்த வேண்டும். சேவ் ஆன பிறகுதான் பெட்டிக்கு டேப் ஒட்டலாம்.

படம் எடுக்காமல் எண்ணை மட்டும் அடித்தால் சேவ் ஆகக் கூடாது. அதற்குத்தான் அந்த ஒரு வரி. இமேஜ் ஆப்ஜெக்ட் 'நல்' என்றால், அதாவது உள்ளே எதுவுமே வந்து சேரவில்லை என்றால், 'நோ போட்டோ' என்று சொல்லித் திருப்பி அனுப்பு. அந்தப் போன்களில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஆங்கிலத்தில் வைத்தேன். முதல் வாரம் அது சரியாகவே வேலை செய்தது.

எம்.டி. வந்து பார்ப்பதற்கு முதல் நாள் ஒத்திகை. படம் எடுக்கும் முன்பே யாரோ பிரிவியூ பட்டனை அழுத்திவிட்டார்கள். காட்டப் படம் இல்லை, ஆப் அப்படியே விழுந்து மூடிக்கொண்டது. ரங்கநாதன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நூர்ஜஹான், ஒரு வெள்ளைப் படம் முதல்லயே உள்ள வெச்சிடுங்க. போட்டோ எடுத்ததும் அது போய் இது வந்துடும். எரர்னு ஒரு எழுத்து ஸ்கிரீன்ல வரக்கூடாது."

அப்படி வைத்தால் ஆப்ஜெக்ட் எப்போதுமே 'நல்' ஆக இருக்காதே, நம் சோதனைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமே என்றேன். டெமோ முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். மூன்று வரி எழுதினேன். ஆப் திறந்ததும், ஒவ்வொரு சேவுக்குப் பிறகும், ஒரு வெற்று வெள்ளைப் படத்தை உருவாக்கு. கேமரா படம் எடுக்கத் தவறினால் சத்தம் போடாதே. பேசாமல் அடுத்த வேலைக்குப் போ. எம்.டி. பார்த்தார், கைதட்டினார்கள், எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். அந்த மூன்று வரியை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நான். நான் மறந்துபோனேன்.

எட்டு மாதம் கழித்து, கர்நாடகப் பக்கம் எங்களிடம் பாகம் வாங்கும் ஒரு கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டியில் நான்கு பிராக்கெட் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பெட்டியின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் படம் வெள்ளை. பாகமும் இல்லை, மேசையும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தப் பெட்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டரின் மற்றப் படங்களையும் தோண்டினார்கள். மொத்தம் பதினேழு வெள்ளைப் படங்கள்.

அந்த இன்ஸ்பெக்டர் முனிரத்னம்மா. கான்ட்ராக்ட் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், எங்களிடம் தமிழ். பிராக்கெட்டை அடுக்கும்போது ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடுக்குவார். ஒன்பது வருடமாக அதே மேசை. அவர் சோதனையே செய்யாமல், வெள்ளைத் தாளைப் படம் எடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார் என்று எச்.ஆர். அதிகாரி முடிவு கட்டினார். அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடக்கும், கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்கள்.

எச்.ஆருக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒரு சான்று தேவைப்பட்டது. ரங்கநாதன் சார் என்னிடம் வந்தார். நீங்களே எழுதிக் குடுங்க என்றார். நான் எழுதினேன். 'படம் இல்லாமல் பெட்டியைப் பதிவு செய்ய இயலாது. படம் உள்ளதா என்பதை ஆப் சரிபார்க்கிறது.' கீழே கையெழுத்து. புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கும் கோபம் அதற்குத்தான். அந்த மூன்று வரியை எடுக்காமல் விட்டது மறதி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மனுஷியின் வேலை போகும் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்கவில்லையே, அதற்கு என்ன பெயர்?

முனிரத்னம்மாவும் நானும் மத்திகிரியில்தான் குடியிருந்தோம், வேறு வேறு தெருவில். நான்காம் நாள் சாயங்காலம் நான் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. அவர் குடியிருந்த வரிசை வீடுகளில் பாதிப்பேர் எங்கள் தொழிற்சாலைதான். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றுபோகிறதாம். கான்ட்ராக்டர், இனிமேல் இந்தத் தொழிற்பேட்டையில் எவனும் உன்னை இன்ஸ்பெக்‌ஷனில் வைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் மளமளவென்று சொல்லி முடித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், வெள்ளைத் தாளை வெச்சு எடுத்தேன்னு சொல்றாங்க. சரி, அப்டியே வெச்சுக்கலாம். எங்க ஷெட்டுல எரியறது மஞ்ச லைட்டு. அதுல தாளை வெச்சு எடுத்தா மஞ்சளாத்தான வரும்? அந்தப் போட்டோ பால் மாதிரி இருக்குது. அந்த மாதிரி வெள்ளை எங்க ஷெட்டுல எங்கியுமே இல்லியே."

படித்தவர்கள், கோர்ஸ் போனவர்கள், டை கட்டியவர்கள் எல்லாரும் அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்தோம்! ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நாங்கள் வெள்ளையைப் பார்த்தோம், உடனே அந்த அம்மாவின் திருட்டுத்தனத்தைப் பார்த்தோம்.

மறுநாள் காலை பதினேழு படங்களையும் திறந்தேன். பதினேழும் ஃபைல் அளவில் ஒரு பைட்கூட மாறாமல் ஒரே அளவு. கேமரா எடுத்த இரண்டு படம் ஒருநாளும் அப்படி ஒத்துப்போகாது. ஒவ்வொரு புள்ளியையும் ஓட்டிப் பார்த்தேன். நிழல் இல்லை, கறை இல்லை, ஓரத்தில் இருட்டு இல்லை, எல்லாப் புள்ளியும் முழு வெள்ளை. எந்தக் கேமராவும் எடுத்த படம் இல்லை இது. புரோகிராம் உண்டாக்கிய படம். என் புரோகிராமைத் திறந்தேன். என் மூன்று வரிகள் அங்கேயே இருந்தன.

டீ இடைவேளையில் முனிரத்னம்மா பயன்படுத்திய கம்பெனிப் போனை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். ஷெட்டின் மேற்குச் சுவரை ஒட்டிய கடைசி மேசை அது. போனின் மேல் ஓரத்தில் எங்கள் நெட்வொர்க்கின் பெயர் போய், கர்நாடக நெட்வொர்க்கின் பெயர் வந்து நின்றது. ஓசூரில் இது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் போன் பிடித்துக்கொள்ளும். கம்பெனி சிம்மில் ரோமிங் கிடையாது. அதனால் அந்த மேசையிலிருந்து படங்கள் சர்வருக்குப் போகாமல் போனிலேயே சேர்ந்தன. மேசையை விட்டு வந்த பிறகுதான் அவை சர்வருக்குப் போகும்; பெட்டி அதிகமாக இருக்கும் நாட்களில் ஷிப்ட் முடியப்போகும் நேரத்தில் நினைவகம் நிரம்பிவிடும். கேமரா படம் எடுக்க மறுக்கும். மறுத்ததை யாருக்கும் சொல்லாதே என்று நான் எழுதி வைத்திருந்தேன். உள்ளே இருந்த, இடம் அதிகம் பிடிக்காத வெள்ளைப் படத்தைப் பார்த்து, 'நல் இல்லை, சரி' என்று என் ஒரு வரி சேவ் செய்துவிடும். முனிரத்னம்மா ஒழுங்காகத்தான் அடுக்கினார், தடவினார், எடுத்தார், அழுத்தினார். திரையில் 'சேவ்ட்' என்று வந்தது. டேப் ஒட்டினார்.

ரங்கநாதன் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஃபிக்ஸ் பண்ணிடுங்க. ஆனா இதை அந்த விசாரணையோட கலக்காதீங்க" என்றார். ஆப்பில் பிழை என்று வெளியே தெரிந்தால் வாங்குகிற கம்பெனி தணிக்கைக்கு வரும், எட்டு மாதப் பதிவுகளையும் சந்தேகப்படும் என்று விளக்கினார். அந்த அம்மா கான்ட்ராக்ட்தானே, வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று இவ்வளவு நேரம் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்லித்தான் வெள்ளைப் படம் வைத்தேன் என்று நினைவுபடுத்தினேன். அப்படி எதுவும் எழுத்தில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

விசாரணை கான்பரன்ஸ் அறையில் நடந்தது. கம்பெனி அமர்த்திய ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. எச்.ஆர். அதிகாரி ஒரு பக்கம், முனிரத்னம்மா தனியாக எதிர்ப்பக்கம், சான்று கொடுத்தவள் என்பதால் சாட்சியாக நான். நான் எழுதிக் கொடுத்த சான்றை வக்கீல் படித்தார். இது என் கையெழுத்துதானா என்று கேட்டார். ஆமாம், ஆனால் அதில் எழுதியிருப்பது தவறு என்றேன். எச்.ஆர். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்ததும் வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டெக்னிக்கல் எல்லாம் வேணாம்மா. அந்த இமேஜ் காலியா இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஆப்ஜெக்ட் இருந்துச்சு சார். அதுக்குள்ள படம் இல்ல."

அவர் தட்டச்சு செய்பவரிடம், 'இருந்தது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார்' என்று சொல்லி எழுத வைத்தார். எனக்குக் காது சுட்டது. முப்பது வருடத்துக்குப் பக்கமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அது மடத்தனம் செய்யும், ஆனால் நாம் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை நம் வாக்குமூலம் என்று சொல்லாது. முழுசாக எழுதாத வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பிறகு அனுமதி கேட்காமலே பையிலிருந்து அந்தப் போனை எடுத்தேன். மாற்றாமல் வைத்திருந்த பழைய ஆப் அதில் இருந்தது. சிம்மைக் கழற்றி மேசையில் வைத்தேன். வக்கீலின் நீல ஃபைலைப் படம் எடுத்தேன், ஒரு எண் அடித்தேன், சேவ் செய்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும்.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். எச்.ஆர். அதிகாரி இது என்ன கூத்து என்று முணுமுணுத்தார். எதிரே முனிரத்னம்மா மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பை ஒகட்டி, அதாவது முப்பத்தொன்று, வரைக்கும் வந்தது. அடுத்ததற்குப் பட்டனை அழுத்தியபோது கேமராவின் சத்தம் வரவில்லை. எண்ணை அடித்து சேவ் அழுத்தினேன். 'சேவ்ட்' என்றது. அந்தப் படத்தைத் திறந்து வக்கீல் முன்னால் வைத்தேன். திரை முழுக்க வெள்ளை. நீல ஃபைல் அவர் கைக்குக் கீழேயே இருந்தது.

வக்கீல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தட்டச்சு செய்பவரிடம் முந்தைய வரியை நீக்கச் சொன்னார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து முனிரத்னம்மாவுக்கு வந்த கடிதத்தைப் படியுங்கள். 'சந்தேகத்தின் பலன் தொழிலாளிக்கு அளிக்கப்படுகிறது. விரும்பினால் பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேரலாம்.' புதிதாக! ஒன்பது வருடம் போயே போய்விட்டது. என்ன சந்தேகம்? கண் முன்னால் செய்து காட்டிய பிறகு யாருக்குச் சந்தேகம்? விரிசல் விட்ட நான்கு பிராக்கெட் எப்படி விரிந்தன, வார்ப்பிலா, லாரியிலா என்று அதற்கப்புறம் ஒருவரும் விசாரிக்கவில்லை. திட்ட ஒரு ஆள் கிடைத்தவரைக்கும்தான் அந்தப் பிராக்கெட் மேல் அக்கறை. ஆப்பை நான் திருத்தினேன். வெள்ளைப் படத்தை எடுத்தேன். ஆப்ஜெக்ட் இருக்கிறதா, அகலம் உயரம் இருக்கிறதா, புள்ளிகள் எல்லாம் ஒரே நிறமா என்று மூன்றையும் பார்க்க வைத்தேன். தவறினால் போன் சத்தம் போட்டுச் சொல்லும். மாற்றங்களின் பட்டியலில் அதற்கு ரங்கநாதன் சார் சொன்ன பெயர் 'சிறு மேம்பாடு'. அடுத்த மாதம் என்னை ரிப்போர்ட் அச்சிடும் வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

முனிரத்னம்மா பேக்கிங்குக்குப் போகவில்லை. பாகலூர் சாலைப் பக்கம் இன்னொரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். முந்தின இடத்தை ஏன் விட்டீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். சந்தேகத்தின் பலன் கடிதத்தைக் காட்டினால் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்து, நடந்ததை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கம்பெனி தாள் வேண்டாம், உங்க கையெழுத்து போதும் என்றார்.

உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். போன், டவர், நினைவகம், வெள்ளைப் படம் எல்லாவற்றையும் யாருக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். கடைசி வரியாக, 'மேற்படி ஆப்பில் பிழை ஏற்பட்டிருந்த காரணத்தால் இவர் மீது தவறாகக் குற்றம் சாட்டப்பட்டது' என்று முடித்து, அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பிழை தானா வந்துச்சா மேடம்? யாரோ செஞ்சதுதான?"

கோபமாகக் கேட்கவில்லை. பிராக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி அந்த வரியைத் திருப்பிப் பார்த்துக் கேட்டார். ரங்கநாதன் சாரின் பெயர்தான் முதலில் என் மனதுக்கு வந்தது. அவர் பெயரை எழுதவும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வரியை அடித்தது என் விரல். சான்றில் இருந்தது என் கையெழுத்து.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். கடைசி வரியை மாற்றினேன். 'இந்தப் பிழையைச் செய்தது நான். சரிபார்க்காமல் இவருக்கு எதிராகச் சான்று கொடுத்ததும் நான். இவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.' கீழே முழுப் பெயர், வீட்டு முகவரி, தேதி.

இந்த முறை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே வாங்கி, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். நன்றி என்று சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கூசியிருக்கும். அடுத்த திங்கட்கிழமை பாகலூர் சாலைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார்.